கிணறு சின்னம்

மார்ச் 19, செவ்வாய்

உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுத ஒரு காரியம் கிடைத்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் இவரை இன்றும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டி வந்தோம். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு இதுதான் பிழைப்பு. சர்க்கரை இவருடைய கிட்னியைக் கெடுத்து, வலது காலையும் முழங்காலோடு வாங்கிக்கொண்ட பிறகு பஸ்ஸில் ஏற்ற முடிவதில்லை. சிந்தாமதார் தன் ஆட்டோவில் அழைத்துப் போகிறான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பள்ளம் வரும்போதெல்லாம் இவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

முன்பு காலை பாசஞ்சர் எங்கள் புளியூத்து ஸ்டேஷனில் நின்றது. நீட்டிப் படுக்க வைத்துக்கொண்டு போய்விடலாம். இப்போது அந்த வண்டி நிற்பதில்லை, ஊதிக்கொண்டே போகிறது. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். “அதெல்லாம் எம்.பி. பேசவேண்டியதும்மா” என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் சொன்னபோது, எம்.பி. ஆனால்தான் பேச முடியுமென்றால் ஆகிவிட்டுப் போகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. தேர்தலும் அறிவித்திருக்கிறார்கள். சொன்ன வாயை மூட மனசில்லை.

இவரிடம் சொன்னேன். “ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?” என்றார்.

மார்ச் 21, வியாழன்

இவர் கோபத்தில் இருக்கிறார். காரணம் உண்டு. ஓட்டு வந்த வயசிலிருந்து ஒரே கட்சி. மழை என்றும் வெயில் என்றும் பார்க்காமல் சுவரில் சின்னம் வரைந்தவர். கல்யாணத்தன்றைக்கே மாலையோடு போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தவர். அந்தக் கட்சிக்கும் வேட்பாளர் இருக்கிறார். அவரை எதிர்த்து நான் நிற்பதென்றால் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

“ரயிலு நிக்கலேன்னா நான் சாவ மாட்டேன். நீ நின்னா மானம் போயிரும்” என்றார்.

“மானம் ஆட்டோலதான போவுது, மெதுவாத்தான் போவும்” என்றேன். சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 26, செவ்வாய்

மனுத் தாக்கல் முடிந்தது. சுயேச்சைக்கு முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். எட்டுப் பேர் என்னோடு பீடி சுற்றுகிறவர்கள். ஒன்பதாவது சிந்தாமதார். பத்தாவது ஆளுக்கு அலைந்தேன். கடைசியில் ஸ்டேஷன் வாசலில் பூ விற்ற கோமு வந்து கையெழுத்துப் போட்டாள். ரயில் போனதோடு அவள் வியாபாரமும் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கலெக்டர் ஆபீஸ் வேலையை முடித்தோம். இவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“போட்டோல பொட்டு பெருசா வச்சிருக்கியா?”

வைத்திருக்கிறேன் என்றேன்.

மார்ச் 30, சனி

சின்னம் கிடைத்தது. ரயில் சம்பந்தமாக ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தேன், பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. குலுக்கலில் எனக்கு விழுந்தது கிணறு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் கட்டிலில் கிடந்து சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டர் இவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அளந்திருக்கிறார். சோறு, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

“எனக்கு முக்கா லிட்டரு, ஒனக்கு ஒரு கெணறா? நியாயமாளா இது?” என்றார். சிரித்ததில் தாகம் எடுத்து மதியப் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

சிந்தாமதாருக்கு நோன்பு. அவனும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஓட்டுகிறான். இரண்டு தாகக்காரர்களை வைத்துக்கொண்டு நான் கிணற்றுக்கு ஓட்டுக் கேட்கப் போகிறேன்.

ஏப்ரல் 1, திங்கள்

முதல் நாள் பிரசாரம் சகிக்கவில்லை. “ஓட்டுப் போடுங்க, ஓட்டுப் போடுங்க” என்று மைக்கில் கத்தினேன். குழாயடியில் நின்ற பொம்பிளைகள், பிச்சைக்காரியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள். “கெணத்துல தண்ணி இருக்கா, வெறும் பாறைதானா?” என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பீடி இலை வெட்ட உட்கார்ந்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

“ஓட்டுப் போடுங்கன்னு கெஞ்சாத. கேக்கவன் கை கீழ, குடுக்கவன் கை மேலன்னு ஆயிரும். ரயிலப் பத்திப் பேசு. கெளம்பும்போது கைய நெஞ்சுக்கு நேரா கும்புட்டு, கண்ணப் பாத்து ரெண்டே வார்த்த சொல்லு: போயிட்டு வாரேன், மறந்திராதீங்க. அவங்க உன்னக் கடந்து போனா, போயிட்டு வாங்க, மறந்திராதீங்க. அவ்வளவுதான்.”

என்னை எழுந்து நிற்க வைத்து மூன்று தரம் சொல்லச் சொன்னார். கை கொஞ்சம் மேலே போனது, கண் கொஞ்சம் தாழ்ந்தது என்று ஒவ்வொரு தரமும் கழித்தார். பீடிக் கம்பெனியில் செக்கராக இருந்த காலத்திலும் இவர் இப்படித்தான். ஒரு கட்டுக்குள் ஒரு பீடி சந்தேகமாகத் தெரிந்தாலும் கட்டையே கழித்துவிடுவார். என் கட்டுகளை இவர் கழித்துக் கழித்துத்தான் எங்களுக்குள் பேச்சே வந்தது. சரியாக இருந்தால் கணக்குச் சிட்டையில் ஒரு டிக். கீழே சின்னக் கொக்கி, அங்கிருந்து கொடி ஓடுகிற மாதிரி மேலே நீளமாக ஒரு இழுப்பு, முனையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எதற்கு என்று கேட்டால், “முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்” என்பார். சுவரில் சின்னம் வரைந்து முடித்தாலும் ஓரத்தில் அதே டிக்தான்.

நாலாவது தரம் நான் சொன்னதும் காற்றிலேயே அந்த டிக்கைப் போட்டுக் காட்டினார்.

“எதிர்க்கட்சிக்காரிக்குச் சொல்லிக் குடுக்கேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 3, புதன்

அந்த இரண்டு வார்த்தை வேலை செய்கிறது. எட்டு ஊர் போனோம். கும்பிட்டால் இப்போது திரும்பக் கும்பிடுகிறார்கள். தோசை கொடுக்கிறார்கள். ஒரு அம்மா தன் மகனையும் ஆட்டோவில்தான் ரத்தம் சுத்தம் பண்ணக் கொண்டுபோகிறாளாம், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நின்றால் கை தானாகக் கும்பிடுகிறது. அடுப்படியில் கோமு டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவளையும் கும்பிட்டு “போயிட்டு வாங்க, மறந்திராதீங்க” என்றேன். “எதய, டம்ளரயா?” என்றாள்.

ஏப்ரல் 4, வியாழன்

கட்சியின் நகரச் செயலாளர் நம்பிராஜன் வந்தார். இவரோடு சேர்ந்து சுவர் வரைந்த ஆள். இவரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். இவர் சாத்துக்குடி சாப்பிடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

நான் அடுப்படியில் இருந்தேன். நடுவில் ஒரு தட்டிதான்.

“மதினி நிக்கிறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஊருக்குள்ள கேக்காவ. ஒங்க ஓட்டு மட்டும் எங்கன்னு தெரிஞ்சா போதும்ணே.”

“என் ஓட்டு கட்சிக்குத்தான். அதுல என்னைக்கும் மாத்தமில்ல” என்றார் இவர்.

சரிதான். நாற்பது வருஷம் ஒரு இடத்தில் இருந்தவரை நான் எப்படி வா என்று கூப்பிடுவேன்? எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்குகிறார்கள். இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ், கேமராவோடு ஒருவர். வேட்பாளர் உள்ளே இருக்கக்கூடாது என்று என் வீட்டிலிருந்தே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வேப்பமரத்தடியில் நானும், கட்சி சார்பில் வந்த நம்பிராஜனும் திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கட்டிலில் அட்டை மறைப்பை வைத்து, சீட்டும் பேனாவும் கொடுத்தார்கள். ஒரு டிக் போட எவ்வளவு நேரமாகும்? இவருக்கு ஆனது. அதிகாரி ஒருதரம் கேட்டார், “ஐயா, முடிஞ்சுதா?” என்று.

“இருங்கய்யா. அவசரத்துல போடுற காரியமா இது?”

அவர்கள் உறையை ஒட்டி வாங்கிக்கொண்டு போன பிறகு உள்ளே போனேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

“என்ன, கட்சிக்குத்தான?”

“ரகசிய ஓட்டுளா. வேட்பாளரே கேக்கலாமா?” என்றார். “சவத்த விடு. போய் நாலு ஊரப் பாரு” என்றார்.

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெயில்தான்.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் நிரப்பி வைத்த மண்பானையில் சாயங்காலம் கால்வாசி குறைந்திருந்தது. மூடியைச் சரியாக வைக்காமல் போயிருப்பேன். இந்த வெயிலுக்கு வற்றத்தான் செய்யும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று பெரிய சந்தை. முப்பது ஊர்ச் சனம் கூடுகிற இடம், இதை விட்டால் தேர்தலுக்கு முன்னால் வேறு சந்தை இல்லை. ஆட்டோவில் மைக் குழாய் கட்டியிருந்தது.

“நீ சந்தைக்குப் போ. நான் நாளைக்குப் போய்க்கிடுதேன். ஒரு நாள்ல என்ன வந்துரும்?” என்று இவரே சொன்னார்.

போனேன். சந்தையில் நல்ல கூட்டம்.

ஏப்ரல் 10, புதன்

ஆஸ்பத்திரியில் இன்று மெஷின் காலி இல்லை. வெள்ளிக்கிழமை உங்கள் முறைக்கே வாருங்கள் என்று போனில் சொன்னார்கள். இவருக்கு முகமெல்லாம் ஊதியிருக்கிறது. சிரித்தால் கண் தெரியவில்லை.

பிரசாரத்துக்குப் போகவில்லை. நாளை ரம்ஜான்.

ஏப்ரல் 13, சனி

வியாழக்கிழமை மத்தியானம் மூச்சு வாங்கியது. சிந்தாமதார் பெருநாள் சட்டையோடு ஓடிவந்தான். குழாயை அவிழ்க்க நேரமில்லை. கிணறு படம் ஒட்டிய ஆட்டோவிலேயே ஏற்றினோம். பாதி வழியில் என் மடியில் தலையை வைத்துத் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடிக்கலாம் என்றேன்.

ஆஸ்பத்திரி வரை வரவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஊர் எழுதுவதற்குள் நான் எழுதினால் நல்லது.

வெள்ளிக்கிழமை இவர் சாவுக்குத் துட்டி கேட்க அப்படி ஒரு கூட்டம். நான் ஓட்டுக் கேட்டுப் போன ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்கிற சனம். தோசை கொடுத்த வீட்டுக்காரி வந்தாள். ஆட்டோவில் மகனைக் கொண்டுபோகிற அம்மா வந்தாள். நம்பிராஜன் கட்சிக்கொடி கொண்டுவந்து இவர்மேல் போர்த்தினார். சுருண்ட ஓரத்தை நான் இழுத்துவிட்டேன். அது இவருக்கு உரியதுதான்.

துட்டி வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. வந்தவர்களும் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

இவரைத் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கினார்கள். மகள் கனகா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள், என் தோளைப் பிடித்திருந்தாள். எல்லாரும் அழுகிறார்கள். என் கை நெஞ்சுக்கு நேராக ஏறியது. இவரைப் பார்த்துக் கும்பிட்டு, “போயிட்டு வாங்க, மறந்திராதீங்க” என்றேன். மைக்கில் பேசிப் பேசிப் பழகிய தொண்டை. அத்தனை சத்தத்துக்கும் மேலே கேட்டது.

அழுகை ஒரு நிமிஷம் நின்றுபோனது. யாரோ ஒருவர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எல்லாருடைய போனிலும் அது ஓடுகிறதாம். “புருசன் பொணத்த வச்சிக்கிட்டு ஓட்டுக் கேக்கா” என்று கீழே எழுதியிருக்கிறதாம். கனகாதான் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கும் வந்திருக்கிறது.

“ஏம்மா அப்பிடிச் சொன்ன? ஒனக்கு அங்க வேற வார்த்தையே கெடைக்கலியா?” என்று அழுதாள்.

கிடைக்கவில்லை. அதைக் கற்றுக்கொடுத்ததே உன் அப்பாதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை.

இன்று செவ்வாய். காலையில் விழித்ததும் இவருடைய துண்டையும் ஆஸ்பத்திரிப் பையையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

சிந்தாமதார் வந்தான். கடைசி நாள், ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டான். அவனாகவே தலையை ஆட்டிக்கொண்டு, “வேண்டாம்க்கா” என்றான். காலையில் அவன் மட்டும் போயிருக்கிறான். மேலூரில் ஆட்டோவை மறித்து, “அந்தக் கும்புடுற பொம்பளயா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லலக்கா. அண்ணாச்சி இருந்தா நல்லா நாலு குடுத்துருப்பாவ” என்றான். ஆட்டோவில் ஒட்டிய கிணற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். பாதிதான் வந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

பதினாறு கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று கனகா மறித்தாள். நான் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மரியாதைக்கா, தீட்டுக்கா என்று தெரியவில்லை. கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன், தப்பித் தவறிக்கூட ஏறிவிடக் கூடாது என்று.

ஓட்டு மெஷினில் என் போட்டோ. பெரிய பொட்டு. அவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறான். அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

பதினாறாம் நாள் முடிந்தது. கனகா ஊருக்குப் போனாள்.

மே 14, செவ்வாய்

பீடி. சோறு. மண்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு ஆளுக்குச் செம்பு போதும்.

மே 30, வியாழன்

ஓட்டு எண்ணிக்கைக்குப் போக அடையாள அட்டை வாங்கினேன். அங்கே இருந்த வக்கீலிடம் கேட்டேன், தபால் ஓட்டுப் போட்டவர் அப்புறம் இறந்துபோனால் அந்த ஓட்டு என்ன ஆகும் என்று.

“கவருக்குள்ள போனபெறவு செத்தவரு, இருக்கவருன்னு பேதம் இல்லம்மா. எண்ணுவாங்க” என்றார்.

தோற்பது தெரிந்த கதை. பிறகு எதற்குப் போகிறாய் என்று கோமு கேட்டாள். வேட்பாளர் போகாமல் இருக்கலாமா என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

முதலில் தபால் ஓட்டுத்தான் எண்ணினார்கள். அந்த மேஜையை விட்டு நான் நகரவில்லை. கட்சி ஏஜெண்டாக நம்பிராஜன் எனக்கு எதிரில் நின்றார். துட்டிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறோம்.

உறைகளைக் கிழித்து, சீட்டைப் பிரித்து, சின்னம் சின்னமாக அடுக்கினார்கள். கட்சிக்கு அடுக்கு ஏறிக்கொண்டே போனது. கிணற்றுக்குச் சில சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றாக டிக்கைப் பார்த்தேன். குட்டி டிக், கோணல் டிக், பெருக்கல் குறி. கட்சியின் அடுக்கில் விழுந்ததையும் எட்டின மட்டும் பார்த்தேன். எதிலும் புள்ளி இல்லை.

சந்தேகமான சீட்டுகளைக் கடைசியில் எடுத்தார்கள். தள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எங்களுக்குத் தூக்கிக் காட்டவேண்டும். ஒன்றில் குறியே இல்லை. இன்னொன்றில் பேர் எழுதியிருந்தது. அடுத்ததை அதிகாரி தூக்கினார்.

“ரெண்டு பேருக்குக் குறி போட்டிருக்காங்க. செல்லாது. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

மேலே கட்சிச் சின்னத்தில் ஒரு டிக். சின்னக் கொக்கி, கொடி ஓடுகிற மாதிரி நீண்ட இழுப்பு, முனையில் புள்ளி. கீழே வெகுதூரம் தள்ளி, கிணற்றில் இன்னொரு டிக். அதே கொக்கி, அதே இழுப்பு. அதிலும் முனையில் புள்ளி.

சந்தேகம் வந்தால் கட்டையே கழிக்கிற ஆள். தன் சீட்டு கழிவுக்குப் போகும் என்று தெரியாமலா போட்டிருப்பார்?

நான் நம்பிராஜனைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். எத்தனை சுவரில் அந்த இழுப்பை அவர் பார்த்திருப்பார். “ஆட்சேபணை இல்ல சார்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்கம்மா?”

“இல்லை” என்றேன்.

அதிகாரி முத்திரை குத்தித் தட்டில் போட்டார். என் கை நெஞ்சுக்கு நேராக ஏறியது. யாருக்கும் கேட்காமல், “போயிட்டு வாங்க” என்றேன். மற்ற வார்த்தையைச் சொல்லத் தேவை வரவில்லை.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். கட்சிக்காரர் ஜெயித்தார். எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், டெபாசிட் போனது. திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்ததால் ஆட்டோவை நிறுத்தினான் சிந்தாமதார். காலையில் போன பாசஞ்சர்தான் திரும்பி வந்தது, புளியூத்தில் நிற்காமல் போனது. ஜன்னலோரம் யாரோ ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.